யாரும் சொல்லாத படங்கள்: வீட்டில் பார்க்க எதைச் சொல்வீர்கள்?

ஜூன் 2, ஒரு வாசகரின் கேள்வி

வீட்டில் பார்க்க நல்ல படம் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் அதே பத்துப் பதினைந்து பெயர்களைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். கவனிக்கப்படாத படம் என்று யாராவது ஒன்றைக் காட்டினால் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணமே அதுதானோ? இல்லை என்றால் பெயர் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

ஜூன் 2, இரவு

இல்லை. ஒரு படம் ஓடாமல் போக ஆயிரம் காரணங்கள் உண்டு. தவறான வாரத்தில் வந்திருக்கும். பாட்டு இருந்திருக்காது. நடிகரை வேறு விதமாக எதிர்பார்த்து வந்த கூட்டம் ஏமாந்து போயிருக்கும். இவற்றில் எதுவும் இன்று உங்கள் வீட்டுக்குள் வந்து உங்களைத் தடுக்கப்போவதில்லை.

முதல் பெயர்: 'அந்த நாள்', 1954. இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், வீணை வித்வான் பாலச்சந்தர் அவரேதான். பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாமல் ஒரு தமிழ்ப் படத்தை அந்தக் காலத்தில் எடுக்கத் துணிந்திருக்கிறார். தொடங்கியவுடன் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். கதாநாயகன் செத்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. காலம் 1943 அக்டோபர், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயம். செத்தவர் ஒரு ரேடியோ என்ஜினீயர். சுட்டது யார் என்று விசாரிக்க, ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் அந்த மனிதர் வேறொரு ஆளாகத் தெரிகிறார். எழுதிய ஜாவர் சீதாராமனே புலனாய்வு அதிகாரியாகவும் வருகிறார்.

பழைய படம் என்றாலே எழுந்து போய்விடும் என் அக்கா மகன் இதை முழுவதுமாக உட்கார்ந்து பார்த்தான். முடிந்ததும் அவன் கேட்டது, பண்டரிபாய் வேறு எந்தெந்தப் படங்களில் நடித்திருக்கிறார் என்று. அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முடிவை எங்கும் படித்துவிடாதீர்கள்.

ஜூன் 3

ஒரு வேண்டுகோள், இது எல்லாப் பழைய படத்துக்கும் பொருந்தும். அந்தக் காலப் படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம். அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. இன்றைய தொலைக்காட்சி அதைத் திரை முழுக்க இழுத்துப் பரப்பிவிடும். முகங்கள் உப்பி, ஆட்கள் குட்டையாகத் தெரிவார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டிவிடும். தலை பாதியில் நிற்கும். அமைப்புகளில் படத்தின் அளவை இயல்பான விகிதத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும் என்று விடுங்கள்.

இன்னொன்று, அசைவை வழவழப்பாக்கும் வசதி. கிரிக்கெட்டுக்கு அது நல்லது. சினிமா நொடிக்கு 24 படச் சட்டகங்களில் (ஃப்ரேம்) எடுக்கப்படுவது. இந்த வசதி நடுவில் இல்லாத சட்டகங்களைத் தானே தயாரித்துச் செருகுகிறது. மிக அழகாக ஒளியமைத்த காட்சிகூட அப்போது தொலைக்காட்சித் தொடர்போல ஆகிவிடும். அணைத்துவிடுங்கள். படம் சலிப்பூட்டுகிறது என்று சொல்கிறவர்களின் வீட்டில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஜூன் 5

வீட்டில் பார்ப்பது தியேட்டருக்கு மாற்று, வேறு வழியில்லாமல் செய்வது என்று பலரும் நினைக்கிறார்கள். சில படங்களுக்கு வீடுதான் சரியான இடம். மிருணாள் சென் இயக்கிய 'காரிஜ்' (1982) அப்படிப்பட்டது. வங்காளப் படம். ஒரு நடுத்தரக் குடும்பம்: கணவன், மனைவி, சிறு பிள்ளை. வீட்டு வேலைக்கு ஒரு சிறுவனை வைத்திருக்கிறார்கள். குளிர் தாங்காமல் ஓர் இரவு அவன் சமையலறையில் போய்ப் படுக்கிறான். உள்ளே கரி அடுப்பு, காற்று வெளியேற வழியில்லை. காலையில் கதவைத் தட்டினால் திறக்கவில்லை.

இது நடப்பது படத்தின் தொடக்கத்திலேயே. மீதிப் படம் முழுவதும் அந்த வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதுதான். போலீஸ், மருத்துவர், வீட்டுக்காரர், மாடிக் குடித்தனக்காரர்கள், வக்கீல் என்று ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். கெட்டவர் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது. எல்லோரும் நம்மைப்போலவே இருக்கிறார்கள், அதுதான் பயம். சிறுவனின் அப்பா ஊரிலிருந்து வந்து நிற்கும்போது அவர் முகத்தை அந்தக் குடும்பத் தலைவனால் பார்க்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

தியேட்டரில் இதைப் பார்த்தால் விளக்கு எரிந்ததும் வெளியே வந்துவிடலாம். வீட்டில் பார்த்தபோது எனக்கு அது வாய்க்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால் போக வேண்டியது சமையலறைக்குத்தான். 1983இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழு பரிசு பெற்ற படம். மிருணாள் சென் பெயரைச் சொல்கிறவர்கள்கூட இதை விட்டுவிட்டு வேறு படங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஜூன் 5, பிறகு

குழந்தைகளை வைத்துக்கொண்டு 'காரிஜ்' போடாதீர்கள். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 8

"வயதான பெற்றோருடன் சேர்ந்து பார்க்க எது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எனக்கு உடனே இரண்டு படங்கள் தோன்றின. இரண்டுமே வயதானவர்களைப் பற்றியவை. அவற்றை அவர்களுடன் பார்க்கலாமா என்பதில் எனக்கே இரண்டு மனம்.

ஒன்று, லியோ மெக்கேரி இயக்கிய அமெரிக்கப் படம் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937). வங்கிக் கடனில் வீடு போய்விடுகிறது. கிழவனும் கிழவியும் பிரிந்து ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் தங்க வேண்டிய நிலை. அதில் ஒரு காட்சி. மருமகள் வீட்டில் சீட்டாட்டம் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்துகிறாள், கூடம் நிறைய விருந்தாளிகள். கிழவிக்குத் தொலைபேசி வருகிறது, மறுமுனையில் கணவன். தூரம் அதிகம் என்பதால் கத்திப் பேச வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு நினைப்பு. முதலில் விருந்தாளிகளுக்கு எரிச்சல், சங்கடம், திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் பேசிக்கொண்டே போகிறாள்: குளிர் விட்டதா, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா என்கிற மாதிரியான சாதாரணப் பேச்சு. மெல்ல மெல்ல ஆட்டம் நின்றுவிடுகிறது. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. கேமரா பெரும்பாலும் அந்த அம்மாளின் முதுகுப் பக்கமாகத்தான் இருக்கிறது.

படம் ஓடவில்லை. முடிவை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், மெக்கேரி மறுத்தார். அதே ஆண்டு அவர் எடுத்த நகைச்சுவைப் படம் ஒன்றுக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது. தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னார். பின்னால் ஜப்பானிய இயக்குநர் ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'க்கு (1953) இதுதான் தூண்டுதல். அதை உலகமே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், தகுதி உண்டு. ஆனால் மூத்த படத்தை ஏன் மறந்துபோனோம்?

இரண்டாவது, பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989). மனைவியை இழந்த முதியவர் கிராமத்தை விட்டு நகரத்தில் தம்பி மகன் வீட்டுக்கு வருகிறார். சொக்கலிங்க பாகவதர்தான் அந்த முதியவர். வீட்டில் இருப்பதே குறைவு, அதில் இன்னொரு வாய். பாட்டு கிடையாது. உரக்கப் பேசுகிறவர்கள் குறைவு. நாடக மேடையில் வாழ்ந்தவர் பாகவதர். கேமராவுக்கு முன்னால் இப்படி ஒன்றுமே செய்யாமல் இருக்க எங்கே கற்றார் என்று வியந்துபோனேன்.

ஜூன் 9

அம்மாவுடன் 'சந்தியா ராகம்' பார்த்தேன். நேற்று தயங்கியது தேவையில்லாத தயக்கம் என்று இப்போது தோன்றுகிறது. அம்மாவுக்குக் கிழவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அம்மா அதிகம் பேசியது அந்தத் தம்பி மகனின் மனைவியாக வரும் அர்ச்சனாவின் பாத்திரத்தைப் பற்றி. "அந்தப் பெண்ணை யாரும் கேட்கவே இல்லையே, அவளுக்கு எத்தனை பேருக்குச் சமைக்க முடியும் என்று" என்றார். நான் அந்தப் படத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே கிடையாது. வயதானவர்களுக்கு வயதானவர் கதை வருத்தம் தரும் என்று நாமாக முடிவுசெய்துகொண்டு அவர்களிடமிருந்து நல்ல படங்களை ஒளிக்கிறோம். ஒளிக்க வேண்டாம். அவர்கள் நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள்.

ஜூன் 9, இரவு

பாலு மகேந்திரா பேச்சு வந்ததால் 'வீடு' (1988). ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்த வீடு கட்டப் படும் பாடுதான் கதை. இதைக் கவனிக்கப்படாத படம் என்று சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். தேசிய விருது பெற்றது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது. எல்லோருக்கும் பெயர் தெரியும், பார்த்தவர்கள் குறைவு. அதுவும் ஒருவகைப் புறக்கணிப்புத்தான். விருதுப் படம் என்று முத்திரை குத்தி மரியாதையாக அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

கட்டி முடியாத வீட்டைத் தாத்தா தனியாக வந்து பார்க்கும் காட்சி ஒன்று போதும். அங்கும் பாகவதரே. பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு அறையாக நடக்கிறார். வசனம் இல்லை. கடனும் மணலும் சிமெண்டும் அனுமதியும் என்று அதுவரை படம் நம்மை அலைக்கழித்திருக்கிறது. அந்தச் சுவர் எத்தனை பேரின் தூக்கத்தைத் தின்றது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கை சுவரில் பட்டதும் தொண்டை அடைக்கிறது. நேராக அந்தக் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது.

ஜூன் 12

வேகமாக நகரும் படம் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டவருக்கு: 'லெ த்ரூ' (1960), ழாக் பெக்கர் இயக்கிய பிரெஞ்சுப் படம். ஒரே சிறை அறை, ஐந்து கைதிகள், தப்பிக்கத் தரையைத் தோண்டுகிறார்கள். 1947இல் பாரிஸில் லா சாந்தே சிறையில் உண்மையில் நடந்த முயற்சி. அதில் பங்கெடுத்த ழொசே ஜொவானி எழுதிய நாவல்தான் மூலம். பங்கெடுத்த இன்னொருவர் படத்தில் முக்கியப் பாத்திரத்திலேயே நடித்திருக்கிறார்.

கட்டிலிலிருந்து கழற்றிய இரும்புத் துண்டால் கான்கிரீட்டை இடிக்கிறார்கள். இடையில் காட்சி வெட்டப்படவில்லை. கேமரா தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அடி, அடி, அடி. மேல்பூச்சு வெள்ளையாகத் தூளாகிறது, கை மாறுகிறது, மறுபடி அடி. நிமிடங்கள் ஓடுகின்றன. காவலர்களுக்குக் கேட்டுவிடுமே என்று நமக்குப் பதறுகிறது. உடைந்த கண்ணாடிச் சில்லைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் கட்டிக் கதவுத் துளை வழியாக நீட்டி நடைவழியைக் கவனிக்கிறார்கள். நேரம் பார்க்க மருந்துக் குப்பிகளில் மணல் போட்டு மணல் கடிகாரம் செய்கிறார்கள். பின்னணி இசை என்று ஒன்று கிடையாது. ஓசைதான் எல்லாம்.

இதைப் பார்க்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இடிக்கும் ஓசைக்கு நடுவே வரும் மௌனத்தில்தான் படத்தின் பதற்றம் முழுவதும் இருக்கிறது. அந்த மௌனத்தில் ஒரு அறிவிப்பு மணி அடித்தால் போயிற்று. படம் வெளியாகும் முன்பே பெக்கர் இறந்துவிட்டார். தன் கடைசிப் படத்துக்குக் கிடைத்த மதிப்பை அவர் பார்க்கவில்லை.

ஜூன் 13

சிலருக்கு 'லெ த்ரூ' பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்! அறைக்குப் புதிதாக வந்து சேரும் அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி இங்கே வெளிப்படையாக எழுதாதீர்கள். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 17

அமைதியான படங்களுக்கெல்லாம் வீடுதான் ஏற்ற இடம் என்கிற மாதிரி இதுவரை என் பேச்சு போயிருக்கிறது. இந்த வாரம் 'கூழாங்கல்'லும் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யும் மறுபடி பார்த்த பிறகு அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகார அப்பா, பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மகன். கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவரப் போகிறார்கள். வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான், அதனால்தான் நடை. வழியில் கிடைத்த கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அப்பாவின் முதுகில் அடிக்கிறான். அடிக்க முடியாத பிள்ளையின் அடி அது. இவ்வளவு வறண்ட நிலத்தை இவ்வளவு அகலமாகக் காட்டும் படம் சின்னத் திரையில் சுருங்கித்தான் போகிறது.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இன்னும் அதிகம். மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மூட்டை சரிந்து பள்ளத்தில் உருண்டு போகிறதே, அந்தக் காட்சியில் மலை பெரிதாகத் தெரிய வேண்டும், மனிதன் சிறிதாகத் தெரிய வேண்டும். தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவை அப்படித்தான் அமைத்திருக்கிறார். கைப்பேசித் திரையில் அங்கே என்ன தெரியும்?

ஆக, அமைதியை வைத்து இடத்தை முடிவுசெய்ய முடியாது. படம் எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையையும் முகத்தையும் சுவரையும் அருகில் நின்று பார்க்கும் படம் வீட்டில் நன்றாகவே தங்குகிறது. நிலத்தைப் பார்க்கும் படத்துக்கு உங்களிடம் இருப்பதில் பெரிய திரையும் நன்றாக இருட்டிய அறையும் வேண்டும். பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் 'கூழாங்கல்' பார்த்துவிட்டுச் சுமார் என்று சொல்வது நியாயமில்லை.

ஜூன் 18

"அப்படியானால் பெரிய திரை இல்லாதவர்கள் அவற்றைப் பார்க்கவே வேண்டாமா?"

கட்டாயம் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரைக்கு வழக்கத்தைவிடக் கிட்டப் போய் உட்காருங்கள். கண்ணுக்குத் திரை எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பதுதான் கணக்கு. நான் மடிக்கணினியில் அப்படிப் பார்த்திருக்கிறேன், மலை மலையாகவே இருந்தது.

ஜூன் 22

அருகில் நின்று பார்ப்பது என்றேனே, அதற்கு என் மனதில் இருக்கும் அளவுகோல் 'உம்பர்ட்டோ டி' (1952). இதை இயக்கிய விட்டோரியோ டி சிகா என்றால் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தைத்தான் சொல்வார்கள். இது வெளியானபோது இத்தாலியிலேயே ஓடவில்லை. ஓய்வூதியம் போதாத முதியவர், அவருடைய நாய். நடித்தவர் கார்லோ பத்திஸ்தி, தொழில்முறை நடிகர் இல்லை, மொழியியல் பேராசிரியர்.

அதில் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி காலையில் எழுந்து வேலை செய்யும் காட்சி. அவள் கருவுற்றிருக்கிறாள், திருமணம் ஆகவில்லை. சுவரில் தீக்குச்சியை உரசுகிறாள். சுவரில் ஊரும் எறும்புகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறாள். உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைக்கிறாள். எழுந்திருக்க மனமில்லாமல் காலை நீட்டிக் கட்டைவிரல் நுனியால் கதவைத் தள்ளிச் சாத்துகிறாள். கண்ணில் நீர் வந்திருக்கிறது, கை அரைப்பதை நிறுத்தவில்லை. கதைக்கு இது எதுவுமே தேவையில்லை என்று ஒரு தயாரிப்பாளர் வெட்டியிருக்கலாம். நல்லவேளை, வெட்டவில்லை.

முதியவர் முதல்முறையாகப் பிச்சை கேட்கக் கையை நீட்டும் இடமும் உண்டு. ஒருவர் காசு போட வரும்போது, மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல உள்ளங்கையைத் திருப்பிவிடுகிறார். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 23

எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் பாதி இன்று ஒரு ஓடிடி தளத்தில் இருக்கும், நாளை இருக்காது. உரிமம் முடிந்தது என்று எடுத்துவிடுகிறார்கள், அறிவிப்புகூட இல்லை. மங்கலான பிரதியைப் போட்டு, ஓரத்தில் பெரிய முத்திரை பதித்து, இதுதான் படம் என்கிறார்கள். அதைப் பார்க்கும் புதிய ஆள் பழைய படம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துப் போய்விடுகிறார். ஆகவே சீரமைக்கப்பட்ட பிரதி கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் பிரதிகளில் முகம் தெளிவாகத் தெரிவதையும் வசனம் கேட்பதையும் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும்போதே பார்த்துவிடுங்கள், அப்புறம் என்று குறித்து வைக்காதீர்கள்.

ஜூன் 27

கடைசியாக வந்த கேள்வி: இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்த்து, பிறகு உட்கார்ந்து பேச ஒரு படம்.

கே.ஜி. ஜார்ஜின் 'யவனிகா' (1982), மலையாளம். நாடகக் குழுவின் தபலாக் கலைஞர் அய்யப்பன் காணாமல் போகிறார். பரத் கோபி அந்த வேடத்தில் நடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், ஆள் தொலைந்தது நல்லதுதான் என்று தோன்றிவிடும். அப்படி ஒரு கொடுமைக்காரன். விசாரிக்கும் போலீஸ் அதிகாரியாக இளம் வயது மம்மூட்டி. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், 'அந்த நாள்' போலவே. ஆனால் இங்கே பொய் சொல்கிறவர்கள் தினமும் மேடையில் நடிக்கிறவர்கள், அதுதான் இதன் அழகு. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே திரைக்குப் பின்னால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஜலஜாவை முக்கியமாக.

வசன வரிகளோடு பாருங்கள். மலையாளம் புரிந்துவிடும் என்று பலர் அவற்றை அணைத்துவிடுகிறார்கள்; வாக்குமூலங்களில் ஒரு சொல் தவறினாலும் முடிச்சு நழுவிவிடும். முதலில் 'அந்த நாள்', அடுத்த வாரம் 'யவனிகா' என்று வைத்துக்கொண்டால் பேச நிறைய இருக்கும். பார்த்தவர்கள் எழுதுங்கள், எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்பதை மட்டும், ஆளின் பெயரைச் சொல்லாமல்.